தொழிலறிஞர் அருகிருந்து கற்றல்
உயர்நிலைப் பள்ளி மாணாக்கரின் பணியிடப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாட்களுக்குள் நம் இல்லங்களில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்படுகிறது. மேல்நிலை முதலாண்டில் எந்தப் பாடப்பிரிவு என்பதே அது. கணிதமும் உயிரியலும் அடங்கிய பிரிவா, கணினி அறிவியலா, வணிகவியலா, தொழிற்கல்வியா என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம். பல வேளைகளில் கேட்பதும் இல்லை. பெற்ற மதிப்பெண், உறவினர் சொல், அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்த கல்லூரி ஆகிய மூன்றையும் கொண்டே அம்முடிவு அமைந்துவிடுகிறது. பொறியாளர் ஒருவர் நாள் முழுதும் என்ன செய்கிறார், ஆடிட்டர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு என்ன நடக்கிறது, மருந்தாளுநர் எதற்காகச் சீட்டை இருமுறை படிக்கிறார் என்பவற்றை அப்பிள்ளை ஒரு நாளேனும் அருகிருந்து கண்டதில்லை. காணாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

இங்கு ஒரு வேற்றுமையையும் கருத வேண்டும். மருத்துவரின் மகள் அத்தொழிலைத் தன் வீட்டிலேயே கண்டு வளர்கிறாள். இரவில் வரும் தொலைபேசி அழைப்பு, தந்தையின் களைப்பு, நோயாளி குணமடைந்த நாளின் முகமலர்ச்சி ஆகிய யாவும் அவளுக்குப் பாடங்கள். அவள் மருத்துவத்தை விரும்பினாலும் வெறுத்தாலும் அறிந்தே அதனைச் செய்கிறாள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் உழவுத் தொழிலை மேற்கொண்ட குடும்பத்துப் பிள்ளைக்கு உழவு தெரியும். பள்ளியில் நாள்தோறும் பார்ப்பதால் ஆசிரியர் பணியும் ஓரளவு தெரியும். பிற தொழில்கள் அப்பிள்ளைக்குப் பெயர்களாகவே உள்ளன. நம் சமுதாயத்தில் முந்தைய தலைமுறையினர் பலர் ஆசிரியப் பணியையும் அரசுப் பணியையும் நாடிச் சென்றதற்கு அவற்றின் சிறப்பு ஒரு காரணம் எனில், கண்ணில் பட்டவை அவையே என்பது மற்றொரு காரணம் எனலாம்.

தொழிலை அருகிருந்து காணும் வாய்ப்பு பிறந்த வீட்டைப் பொறுத்தே கிடைக்கும் என்னும் நிலையை மாற்ற இயலுமா? இயலும் என்று கருதி, ஒரு பள்ளியையே அதன்மேல் அமைத்துக் காட்டியவர்கள் உள்ளனர். அப்பள்ளியின் நடைமுறையை விரிவாகக் காண்பது நமக்குப் பயன்தரும்.

பிராவிடன்ஸ் நகரப் பள்ளி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்டு. அதன் தலைநகர் பிராவிடன்ஸ். டென்னிஸ் லிட்கி, எலியட் வாஷர் என்னும் கல்வியாளர் இருவர் 1995ஆம் ஆண்டு 'பிக் பிக்சர்' என்னும் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு, அதாவது 1996இல், அந்நகரில் ஏறத்தாழ 50 மாணாக்கருடன் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று அவர்களது திட்டப்படி திறக்கப்பெற்றது. அதனைச் சுருக்கமாக 'மெட்' பள்ளி என்பர். பணம் படைத்தோர்க்கான பள்ளி அன்று அது. அங்குச் சேர்ந்தோரில் பலர் வருவாய் குறைந்த குடும்பத்தினர். தம் குடும்பத்தில் கல்லூரி சென்றவரே இல்லாதோர் பலர்.

அப்பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் ஏறத்தாழ 15 மாணாக்கர் ஒப்படைக்கப்படுகின்றனர். அவர் பாடத்திற்கு ஒருவராக வந்து செல்லும் ஆசிரியர் அல்லர். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே மாணாக்கரை உடனிருந்து நடத்திச் செல்லும் ஆலோசக ஆசிரியர் ஆவார். ஒவ்வொரு மாணாக்கருக்கும் தனித்தனியே கற்றல் திட்டம் வரையப்படுகிறது. அதனை வரையும்போது பெற்றோரும் அமர்ந்திருக்க வேண்டும். வாரத்தில் இரு நாட்கள் மாணாக்கர் பள்ளிக்கு வருவதில்லை. மருத்துவமனை, கட்டட வரைவகம், அருங்காட்சியகம், தச்சுக்கூடம், வழக்கறிஞர் அலுவலகம் எனத் தமக்கு ஆர்வமுள்ள ஓரிடத்திற்குச் சென்று அங்குள்ள தொழிலறிஞர் ஒருவரின் கீழ்ப் பயில்கின்றனர். அத்தொழிலறிஞரை ஆங்கிலத்தில் 'மென்டர்' என வழங்குவர். நாம் வழிகாட்டி எனலாம். 'இன்டர்ன்ஷிப்' எனப்படும் அப்பயிற்சியை ஈண்டுப் பணியிடப் பயிற்சி என வழங்குவோம்.

இவ்வளவையும் கேட்டவுடன், "பதினான்கு வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா?" என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்திற்கான விடை, பயிற்சியிடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே அடங்கியுள்ளது.

முதலில் மாணாக்கர் தம் ஆர்வங்களை ஆராய்ந்து எழுத வேண்டும். "எனக்கு விலங்குகள் பிடிக்கும்" என்பது போன்ற பொதுவான கூற்றே தொடக்கத்தில் வரும். அதிலிருந்து, அவ்வார்வம் தொடர்பான தொழில்களில் இருப்போர் சிலரைத் தேடிச் சென்று நேர்காண வேண்டும். இது வேலை கேட்கும் நேர்காணல் அன்று. செய்தி அறியும் நேர்காணல். வழக்கமாக வேலை கேட்டுச் செல்பவரிடம் முதலாளி வினவுவார். இங்கோ மாணாக்கர் வினவுகின்றார், தொழிலறிஞர் விடை கூறுகின்றார். "இத்தொழிலுக்கு எவ்வாறு வந்தீர்கள்? உங்கள் வேலையில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி எது? என் வயதில் எதனைக் கற்றிருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறீர்கள்?" என்பன போன்ற வினாக்களை முன்னரே எழுதிச் செல்ல வேண்டும். தொலைபேசியில் அழைத்து, தம்மை இன்னார் என அறிவித்து, நேரம் கேட்டுப் பெறுவதும் மாணாக்கரின் பொறுப்பே. ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், பேசுபவர் மாணாக்கர். அறிமுகமில்லாத பெரியவரிடம் தொலைபேசியில் முறையாகப் பேசுவது எத்தனை கடினம் என்பதை நம் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். பட்டப்படிப்பு முடித்தோர் பலருக்கும் அது கைவரவில்லை.

நேர்காணல் மனநிறைவளித்தால் அடுத்த படி, ஒரு நாள் முழுதும் அத்தொழிலறிஞரின் நிழல்போல் உடன் செல்வது. அதற்கு 'நிழல் நாள்' என்றே பெயர். அன்று மாணாக்கர் எவ்வேலையும் செய்வதில்லை, பார்ப்பது மட்டுமே. அவ்வொரு நாளில் பலருடைய கற்பனை கலைந்துவிடுவதுண்டு. கால்நடை மருத்துவமனையில் நாள் முழுதும் நாய்க்குட்டிகளைக் கொஞ்சலாம் என எண்ணிச் சென்றவர், சீழ் துடைப்பதையும் தரை கழுவுவதையும் கண்டு திரும்பலாம். திரும்பினால் அது தோல்வி அன்று. ஒரு நாள் செலவில் ஒரு தொழிலை விலக்க முடிந்ததை ஊதியமாகவே கொள்ள வேண்டும். நம்மிடையே இவ்வுண்மை கல்லூரியின் மூன்றாம் ஆண்டில், பல இலட்சம் உரூபாய் கட்டிய பின் தெரிய வருகிறது.

நிழல் நாளுக்குப் பின்னும் இருதரப்பும் விரும்பினால்தான் பயிற்சி தொடங்கும். தொடங்கியபின் வழிகாட்டியும் ஆலோசக ஆசிரியரும் மாணாக்கரும் அமர்ந்து ஒரு செயல்திட்டத்தை வகுப்பர். இதுவே அம்முறையின் உயிர்நாடி என்பது என் துணிபு. அச்செயல்திட்டம் இரு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். அப்பணியிடத்திற்கு உண்மையிலேயே பயன்படுவதாக இருத்தல் ஒன்று. மாணாக்கர் அதனைச் செய்து முடிக்க ஏதேனும் புதிதாகக் கற்றே ஆக வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நிபந்தனை இல்லாவிடில் அது பள்ளிக் கட்டுரையாகிவிடும். இரண்டாவது இல்லாவிடில் எடுபிடி வேலையாகிவிடும். ஆலோசக ஆசிரியர் பணியிடத்திற்கு நேரில் சென்று பார்த்து வருவதும் இதற்காகவே. பருவந்தோறும் மாணாக்கர் தாம் கற்றதைப் பெற்றோர், வழிகாட்டி, ஆசிரியர், உடன் பயில்வோர் ஆகியோர் முன் நின்று விளக்கிக் காட்டுவர். மதிப்பெண்ணுக்கு மாற்றாக ஆசிரியர் ஒவ்வொரு மாணாக்கர் பற்றியும் நீண்ட எழுத்து மதிப்புரை வழங்குவார்.

முதலில் சேர்ந்த தொகுதியினர் 2000ஆம் ஆண்டு படிப்பை முடித்து வெளிவந்தனர். அதன்பின் அம்முறை அமெரிக்காவின் பிற நகரங்களுக்கும் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவியது. இதனைக் குறையற்ற முறை எனக் கூற இயலாது. கணிதம் போன்று படிப்படியாக ஏறிச் செல்லும் பாடங்களைப் பணியிடத்திலிருந்து மட்டும் கற்பித்துவிட முடியாது. நம் நாட்டுப் பொதுத்தேர்வு முறைக்கு அப்பள்ளியை அப்படியே பெயர்த்துக் கொணரவும் வழியில்லை. நமக்கு வேண்டுவது அதன் படிமுறை: ஆர்வம், நேர்காணல், நிழல் நாள், பயிற்சி, செயல்திட்டம், விளக்கக்காட்சி என்னும் வரிசை.

பிற நாடுகளின் பட்டறிவு

சுவிட்சர்லாந்தில் இவ்வழக்கம் நாடு முழுதும் வேரூன்றியுள்ளது. கட்டாயக் கல்வி முடிந்தபின் அந்நாட்டு இளைஞருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சிக் கல்வியை மேற்கொள்கின்றனர். அதற்கு முன், பள்ளியில் பயிலும்போதே, ஒரு நாள் முதல் ஐந்து நாட்கள் வரை வெவ்வேறு பணியிடங்களுக்குச் சென்று பார்ப்பர். அதற்கு ஜெர்மானிய மொழியில் வழங்கும் பெயர் சுவையானது. 'மோந்து பார்க்கும் பயிற்சி' என்பது அதன் பொருள். சமையலறையில் குழம்பை மோந்து பார்ப்பவர் அதனை உண்டவர் ஆகார். ஆயினும் உண்ணலாமா என்பதை அறிந்துகொள்வார்.

இங்கிலாந்தின் பட்டறிவு எச்சரிக்கையாக அமைவது. அங்கு 14 முதல் 16 வயது வரையுள்ள மாணாக்கர்க்குத் தொழில் சார்ந்த கற்றலை அளிப்பது பள்ளிகளின் சட்டக் கடமையாக 2004 முதல் இருந்தது. பெரும்பாலான பள்ளிகள் ஓரிரு வாரப் பணியிட அனுபவமாக அதனை நிறைவேற்றின. பேராசிரியர் ஆலிசன் வுல்ஃப் 2011இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைப்படி 2012இல் அக்கடமை நீக்கப்பட்டது. ஒரே காலத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எங்கேனும் சேர்த்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில், படியெடுக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பதும் தேநீர் கொணர்வதுமே பலருக்குப் பயிற்சியாகிவிட்டது என்னும் குறை நெடுநாளாகக் கூறப்பட்டு வந்தது. செயல்திட்டம் இன்றி, வழிகாட்டியின் மனம் இன்றி, நாட்களை மட்டும் எண்ணினால் விளைவது இதுவே.

இத்தகைய முறைகளால் உண்மையில் பயன் உண்டா என வினவுவோர்க்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். அமெரிக்காவில் 'கேரியர் அகாடமி' எனப்படும் பள்ளிப் பிரிவுகள் 1969இல் ஃபிலடெல்ஃபியா நகரில் தொடங்கிப் பல இடங்களில் பரவின. பாடங்களை ஒரு தொழில் துறையோடு இணைத்துக் கற்பித்து, அத்துறையின் பணியிடங்களிலும் பழக விடுவது அவற்றின் முறை. எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் 9 பள்ளிகளில், விண்ணப்பித்த 1400க்கும் மேற்பட்ட மாணாக்கரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தது. 2008இல் வெளிவந்த அதன் அறிக்கைப்படி, பள்ளி முடித்த பின் வந்த எட்டு ஆண்டுகளில், அப்பிரிவில் பயின்றோரின் ஆண்டு வருவாய் மற்றவரைவிடச் சராசரியாக 11 விழுக்காடு மிகுந்திருந்தது. அதே வேளையில் பள்ளிப் படிப்பை முடித்தோர் விகிதத்திலும் உயர்கல்விப் பட்டம் பெற்றோர் விகிதத்திலும் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. வருவாய் உயர்வு பெரிதும் ஆண்களிடமே தென்பட்டது என்பதையும் மறைத்தல் கூடாது. பணியிடப் பயிற்சி அம்முறையின் ஒரு பகுதியே. பயன் முழுவதையும் அதன் கணக்கில் எழுதுவதும் தவறு. எனினும், "வெளியே சென்று வந்தால் படிப்புக் கெட்டுவிடும்" என்னும் அச்சத்திற்கு அவ்வாய்வில் இடமில்லை என்பது தெளிவு.

நம் நாட்டிலும் இக்கருத்து புதிதன்று. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை மையமாகக் கொண்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பணியனுபவம் பள்ளிக் கல்வியின் பகுதியாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்பினர் பத்து நாட்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலியோரிடம் பயில வேண்டும் என்றது. தமிழக அரசு 2022 மார்ச்சுத் திங்கள் முதல் நாளில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி உயர்கல்வி வழிகாட்டலையும் திறன் பயிற்சியையும் முன்னெடுத்தது. ஆவணங்களில் குறையில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி என்னும் நிலைக்கு அவற்றைக் கொணர்வது எந்த அரசுக்கும் எளிதன்று. அதனைச் சிறிய சமுதாயம் ஒன்று, ஒருவரை ஒருவர் அறிந்த காரணத்தால், எளிதாகச் செய்ய இயலும்.

செயல்திட்டம் எவ்வாறு அமையலாம்

உழவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி நில அளவரிடம் சில நாட்கள் பயில்கிறாள் எனக் கொள்வோம். தன் குடும்ப நிலத்தின் புல வரைபடத்தை அவள் உடன் கொண்டு செல்லலாம். வளைந்து நெளிந்த வரப்புகளை உடைய புலத்தைக் கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் முறை அப்படத்திலேயே விளங்கும். பக்கங்கள் 52, 56, 60 மீட்டர் உள்ள ஒரு முக்கோணத் துண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஹெரான் சூத்திரப்படி அரைச் சுற்றளவு 84. அதனை 32, 28, 24 ஆகியவற்றால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 1344 சதுர மீட்டர் கிடைக்கும். ஒரு சென்ட் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர் ஆதலால் அத்துண்டு 33 சென்ட்டுக்குச் சற்று மிகுதி. தேர்வுக்காக உருப்போட்டு மறந்த சூத்திரம், பாட்டனார் நிலத்தின் பரப்பைத் தரும்போது எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்க வேண்டுவதில்லை. தன் ஊரில் ஐந்து புலங்களை நாடாவால் அளந்து, படத்தின் அளவோடு ஒப்பிட்டு, வேறுபாடு எங்கு வருகிறது என எழுதுவதே அவளது செயல்திட்டமாகலாம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் பயில்பவர்க்கு வேறு வகை. ஒரு கடையின் கொள்முதல் பட்டியல்களை, சரக்கு சேவை வரித் தளத்தில் காட்டப்படும் உள்ளீட்டு வரி விவரத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பட்டியல் விடுபட்டது எனக் காண்பதைப் பதினாறு வயதினர் செய்ய இயலும். வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் மறைத்த பழைய பட்டியல்களையே கொடுக்க வேண்டும். பிறர் கணக்கைப் பேணிக் காப்பது அத்தொழிலின் முதல் ஒழுக்கம் என்பதும் அப்போதே கற்பிக்கப்பட்டுவிடும். மருத்துவமனையிலும் அவ்வாறே. நோயாளியின் அறைக்குள் மாணாக்கர் நுழைவது நோயாளியின் இசைவின்றிக் கூடாது. மருந்தகத்தில் காலாவதி நாள் வரிசைப்படி மருந்துகளை அடுக்கும் முறையைக் கற்பதற்கு அத்தடையில்லை.

நம் குடும்பத்தார் கருத வேண்டிய வேறொன்றும் உண்டு. ஒரு தொழில் எத்தகைய உயிர்த்துன்பத்தோடு தொடர்புடையது என்பதை விளம்பரத் தாள்கள் கூறமாட்டா, பணியிடம் கூறிவிடும். உயிரியல் ஆய்வகத்தில் விலங்குகள் எவ்வாறு நடத்தப்படுகின்றன, சாயப் பட்டறைக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்பவற்றைப் பதினாறு வயதில் கண்டு வினவியவர், பின்னாளில் அத்துறைக்குச் செல்லலாமா, சென்றால் அதன் எப்பகுதியில் நிற்கலாம் என்பதைத் தாமே தெளிவார்.

வழிகாட்டிக்கும் பெற்றோர்க்கும்

சென்னையிலும் பிற நகரங்களிலும் பொறியாளராக, ஆடிட்டராக, வங்கியாளராக, வழக்கறிஞராக விளங்கும் நம்மவர் பலர் ஆண்டுதோறும் கல்வி நிதி வழங்குகின்றனர். போற்றத்தக்க செயல். கோடை விடுமுறையில் ஐந்து நாட்களை ஊர்ப்பிள்ளை ஒருவருக்கு வழங்குவது அதனினும் அரிய கொடை. வழிகாட்டி பெரிய சொற்பொழிவு நிகழ்த்த வேண்டுவதில்லை. தாம் செய்வதைப் பிள்ளை காண விடுதலும், செய்யும்போதே "இதனை ஏன் இவ்வாறு செய்கிறேன்" என ஓரிரு சொல் கூறுதலும் போதும். தாம் தடுமாறும் இடத்தையும் மறைக்காமல் காட்டுபவர் சிறந்த வழிகாட்டி. கட்டட வரைவில் பிழை கண்டு மீண்டும் வரையும் பொறியாளரைப் பார்த்த பிள்ளை, கணக்குத் தவறினால் தான் மட்டும் முட்டாள் என எண்ணாது. "எங்கள் காலத்தில்" எனத் தொடங்கும் அறிவுரைகளைக் குறைத்துக்கொள்வது நன்று. அவை வீட்டிலேயே போதிய அளவு கிடைக்கின்றன.

சொந்தத் தாய்மாமனோ பெரியப்பாவோ வழிகாட்டியாக அமைவதை இயன்றவரை தவிர்க்கலாம். உறவினரிடம் பிள்ளை "பிடிக்கவில்லை" எனக் கூறத் தயங்கும். அவரும் குறைகளைப் பெற்றோரிடம் உடனே எடுத்துரைப்பார். தந்தையும் ஆசிரியரும் அல்லாத மூன்றாம் பெரியவர் ஒருவர் தன்னை மதித்து நடத்துகிறார் என்னும் உணர்வே இவ்வயதினரை வளர்ப்பது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலையில் அமர்த்துவதையும், 14 முதல் 18 வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதையும் தடை செய்கிறது. பயிற்சி என்னும் பெயரால் ஊதியமற்ற உழைப்பைப் பெறுதல் அச்சட்டத்தின் நோக்கத்திற்கு முரண். பத்தாம் வகுப்புக்கு முன் நேர்காணலும் நிழல் நாளும் போதும். பயிற்சி அதற்கு மேற்பட்ட வயதினர்க்கே. சுழலும் இயந்திரம், மின்கம்பம், அமிலம் ஆகியவற்றைத் தொலைவில் நின்றே காட்ட வேண்டும். பெற்றோர் முதல் நாள் நேரில் சென்று வழிகாட்டியையும் இடத்தையும் பார்த்து வருதல் வேண்டும். மகளாயினும் மகனாயினும், பிறர் நடமாட்டமுள்ள இடத்திலேயே பயிற்சி நடைபெற வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வதில் நாணம் வேண்டா. நல்லவர் எவரும் அதனைக் கேட்டு வருந்தமாட்டார்.

பெற்றோர் பயிற்சி முடிந்த அன்றே "என்ன முடிவு செய்தாய்?" எனக் கேட்பது வழக்கம். அதனை விடுத்து, "இன்று என்ன கண்டாய்?" எனக் கேட்கலாம். நாள்தோறும் ஒரு பக்கம் பிள்ளை எழுதி வரட்டும். கண்டது, புரியாதது, வியந்தது, வெறுத்தது என நான்கு வரிகள் போதும். ஐந்து நாட்கள் ஓரிடத்திலும், அடுத்த ஆண்டு ஐந்து நாட்கள் வேறிடத்திலும் எனப் பத்து நாட்களின் குறிப்பேடு கையில் இருந்தால், மேல்நிலைக் கல்விக்குப்பின் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் வேளையில் உறவினர் சொல்லுக்கு எதிரே வைத்துப் பார்க்க ஒரு சான்று இருக்கும்.

இதற்கு ஆகும் செலவு சிறிது. ஆயினும் அச்சிறு செலவே ஊர்ப்பிள்ளைக்குப் பெருந்தடை. பேருந்துக் கட்டணமும் நகரில் ஐந்து நாள் தங்க ஒரு வீடும் வேண்டும். பெண் பிள்ளையாயின் தாயும் உடன் வர இடம் வேண்டும். பயிற்சியிடத்தைக் கேட்கும்போதே, மாலை ஐந்து மணிக்குள் பிள்ளையை அனுப்பிவிட இயலுமா என்பதையும் கேட்டுக்கொள்க. கதிரவன் மறையுமுன் வீடு சேர்ந்து உண்ண வேண்டிய பிள்ளையை இரவு எட்டு மணி வரை அலுவலகத்தில் அமர்த்தி வைத்தால், மறுநாள் அப்பிள்ளையின் கண் கடிகாரத்தின்மேல்தான் இருக்கும். வழிகாட்டியாக இசைவோரும், தம் இல்லத்தில் தங்க இடமளிப்போரும் பங்குனித் திங்களுக்குள் தத்தம் ஊர்ச் சங்கத்தாரிடம் பெயர் கொடுத்துவிடின், தேர்வு முடிந்த கையோடு நேர்காணல்களைத் தொடங்கலாம்.